எட்டாத சுருதியும் எளிய பாட்டும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டவுடன் என் தோழியர் விண்வெளி, சுற்றுச்சூழல், பெண் கல்வி என்று தலைப்புகளைப் பங்கிட்டுக்கொண்டனர். நான் எடுத்துக்கொண்ட தலைப்பைக் கேட்டுச் சிரித்தவர்களே அதிகம். ஜப்பான் நாட்டில் நடுத்தர வயதுப் பெண்மணிகள் கரோக்கி பாடுவதற்கு எளிய பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே அது. சிரித்தவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இதில் என் வீட்டுக் கதையும் சிறிது உண்டு. நாம் ஆய்வகத்தில் கற்கும் பாடமும் சிறிது உண்டு.

எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் கைத்தறி நெசவாளர்கள். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு மூத்தவளான அக்கா பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, அம்மாவுக்குத் தார் சுற்றிக் கொடுத்தாள். பிறகு முதியோர் பராமரிப்புப் பயிற்சியில் சேர்ந்தாள். தொழில் திறன் பெற்ற இந்தியர்களை வேலைக்கு அழைத்துக்கொள்வதற்காக இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அந்த வழியில், ஜப்பானிய மொழித் தேர்வும் பராமரிப்புத் தேர்வும் எழுதித் தேறி, ஷிசுவோகா மாவட்டத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனாள். என் விடுதிக் கட்டணமும் புத்தகச் செலவும் அவள் அனுப்பும் பணத்தில்தான் நடக்கின்றன. நான் படித்த படிப்பு அவளுக்கு எப்போதாவது பயன்படுமா என்ற எண்ணம் எனக்கு உள்ளூர இருந்துகொண்டே இருக்கும். பயன்பட்ட முதல் வேளை எதிர்பாராத ஒரு கோணத்திலிருந்து வந்தது.

ஜப்பானில் டிசம்பர் மாதம் வந்துவிட்டால் அலுவலகந்தோறும் 'போனென்காய்' என்ற விருந்து நடக்கும். கழிந்த ஆண்டின் துயரங்களை மறப்பதற்கான கூட்டம் என்று அதற்குப் பொருள். விருந்து முடிந்தபின் இரண்டாம் கூட்டம் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் கரோக்கி அறையில் நடைபெறும். இந்த ஏற்பாடுகளையெல்லாம் பொறுப்பேற்றுச் செய்பவருக்குக் 'கன்ஜி' என்று பெயர். (நம் ஊர்க் கஞ்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை!) 2024 டிசம்பரில் அந்தக் கன்ஜிப் பொறுப்பு, எல்லாரிலும் இளையவளான என் அக்காவின் தலையில் விழுந்தது.

அவளோடு வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் நாற்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட பெண்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அக்கா என்னிடம் கேட்டாள்: "கண்ணு, போன வருசம் கரோக்கிக்குப் போனப்ப ரெண்டு பேர்தான் மாத்தி மாத்திப் பாடுனாங்க. மத்தவங்க எல்லாம் கை தட்டிட்டே உக்காந்திருந்தாங்க. இந்த வருசம் எல்லாரும் பாடணும். சுலபமான பாட்டு எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நீ பிசிக்ஸ்தானே படிக்கிறே?"

இயற்பியல் துறையில் இப்படி ஒரு வினா தேர்வுத் தாளில் வந்ததில்லை. ஆனால் நன்றாக எண்ணிப் பார்த்தால் இது இயற்பியல் வினாதான்.

முதலில் கரோக்கி என்ற சொல்லைப் பார்ப்போம். 'கரா' என்றால் வெறுமை. 'ஒகே' என்பது ஆர்க்கெஸ்ட்ரா என்ற சொல்லின் ஜப்பானியச் சுருக்கம். பாடகர் இல்லாத வெற்று வாத்திய இசை என்று பொருள். இந்தக் கருவியை உருவாக்கியவர்களாக இருவரைச் சொல்வர். ஒருவர் ஷிகேயிச்சி நெகிஷி. 1967இல் 'ஸ்பார்க்கோ பாக்ஸ்' என்ற பெட்டியைச் செய்த அவர் 2024இல் நூறாம் வயதில் மறைந்தார். மற்றவர் கோபே நகரத்தின் தைசுகே இனோவே. மதுக்கடைகளில் வாடிக்கையாளர் பாட, உடன் வாசிப்பது அவர் தொழில். சரியாகப் பாட வராத ஒரு தொழிலதிபர், வெந்நீரூற்று உல்லாசப் பயணத்துக்கு உடன் வந்து வாசிக்கும்படி அவரை அழைத்தார். போக இயலாத இனோவே, அந்த மனிதரின் குரலுக்கு ஏற்றபடி வாசித்து நாடாவில் பதிந்து கொடுத்தனுப்பினார். அந்த எண்ணமே 1971இல் '8 ஜூக்' என்ற கருவியாயிற்று. அவர் காப்புரிமை பெறவில்லை. 2004இல் அவருக்கு அமைதிக்கான 'இக் நோபல்' என்ற நகைச்சுவைப் பரிசு கிடைத்தது. பிறர் பாடுவதைப் பொறுத்துக்கொள்ள மனிதருக்குப் புதுவழி காட்டினாராம்!

இந்த வரலாற்றில் என் மனத்தில் தங்கியது ஒன்று. நன்றாகப் பாடுகிறவருக்காகக் கரோக்கி பிறக்கவில்லை. பாட வராத ஒருவருக்கு ஏற்றபடி இசை தன்னை வளைத்துக்கொண்ட இடத்தில்தான் அது பிறந்திருக்கிறது. அப்படியானால் அக்காவின் வினாவைத் திருப்பிப் போடவேண்டும். இந்தப் பெண்மணிக்கு எந்தப் பாட்டு எளிது என்று ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கேட்கவேண்டும்.

நம் ஆய்வகத்து மரப்பெட்டியில் 256 முதல் 512 வரை எண் பொறித்த இசைக்கவைகள் அடுக்கியிருப்பதை அறிவியல் மாணவர் யாவரும் அறிவர். அதிர்வெண் இரண்டு மடங்காகும்போது ஒரு ஸ்தாயி நிறைவுறுகிறது. ஆகவே அந்தப் பெட்டிக்குள் சரியாக ஒரு ஸ்தாயி அடங்கியிருக்கிறது. பயிற்சி இல்லாத ஒருவர் சிரமமின்றிப் பாடக்கூடிய எல்லையும் ஏறத்தாழ அவ்வளவே. ஒன்றிரண்டு சுரம் கூடலாம். ஒரு பாட்டின் மிகத் தாழ்ந்த சுரத்துக்கும் மிக உயர்ந்த சுரத்துக்கும் இடையேயுள்ள தொலைவு இதற்குள் அடங்கினால் அது எளிய பாட்டு. இது முதல் விதி.

ஆனால் ஒருவருடைய ஸ்தாயி எங்கே தொடங்குகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். பெண்களுக்கு வயதோடும் மாறும். மாதவிடாய் நிற்கும் பருவத்தை ஒட்டி உடலில் நிகழும் மாற்றங்களால் குரல்நாண்கள் சற்றுத் தடித்துக் குரல் தாழ்வது உண்டு. பதினெட்டு வயதில் பாடிய பாட்டை அதே சுருதியில் ஐம்பதில் பாட முயன்று உச்சியில் குரல் உடைந்தால், 'எனக்குப் பாட வராது' என்று அந்த அம்மையார் முடிவு கட்டிவிடுகிறார். மாறியது சுருதி மட்டுமே.

இதற்கு மருந்து கருவியிலேயே இருக்கிறது. கரோக்கிக் கருவியில் சுருதியை அரைச்சுரம் அரைச்சுரமாக ஏற்றவும் இறக்கவும் விசை உண்டு. நம் ஊர்ப் பாடகர்கள் 'கட்டையைக் குறை' என்று சொல்வதும் இதைத்தான். ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு அரைச்சுரங்கள் உள்ளன. ஒவ்வொரு படியிலும் அதிர்வெண் 1.0595 மடங்கு மாறுகிறது. 440 ஹெர்ட்ஸில் நிற்கும் உச்சியை மூன்று படி இறக்கினால் அது 370 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். குரல் உடைவதற்கும் உடையாமல் நிற்பதற்கும் நடுவே இருப்பது பல வேளைகளில் இந்த மூன்று படிகள்தாம். இது இரண்டாம் விதி.

மூன்றாம் விதி சொற்களைப் பற்றியது. ஜப்பானிய மொழியில் எழுத்துகளை அளக்கும் முறை நம் மாத்திரைக் கணக்கை நினைவூட்டுவது. குறில் ஓர் அலகு. நெடில் இரண்டு அலகு. சொல்லின் இறுதியில் வரும் 'ன்' என்ற ஒற்று நமக்கு அரை மாத்திரை. அவர்களுக்கோ முழு அலகு. 1960 முதல் 1980கள் வரையிலான பாட்டுகள் பலவற்றில் ஒரு சுரத்துக்கு ஓர் எழுத்து என்ற ஒழுங்கைக் காணலாம். பிற்காலப் பாட்டுகள் பலவற்றில் ஒரு சுரத்துக்குள் பல எழுத்துகளைத் திணித்து விரைந்து ஓடுகிறார்கள். திரையில் வண்ணம் மாறிக்கொண்டே போகும் எழுத்துகளைத் துரத்திப் பிடிப்பது ஐம்பது வயதில் எளிதன்று. என் அக்கா ஜப்பானியப் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துத்தான் பழகினாள். எழுத்துக்கு ஒரு சுரம் என்று வரும் பாட்டுகளை அவள் இரண்டு நாளில் கற்றுக்கொண்டாள்.

நான்காம் விதி மூச்சு. மெதுவான பாட்டு எளிது என்று பலரும் நினைக்கின்றனர். மெதுவான பாட்டில் ஒரு சுரத்தை நீண்ட நேரம் பிடித்து நிறுத்தவேண்டும். அதற்கு நல்ல மூச்சு வேண்டும். நடந்து செல்லும் வேகத்தில் அமைந்த பாட்டே தொடக்கக்காரருக்கு ஏற்றது. இதனோடு 'என்கா' எனப்படும் பாட்டு வகையில் வரும் 'கொபுஷி'யையும் சேர்த்துக்கொள்ளலாம். நம் கமகத்தைப் போலச் சுரத்தைச் சுழற்றி வளைப்பதே கொபுஷி. சயுரி இஷிகாவா 1986இல் பாடிய 'அமாகிகோயே' அனைவரும் விரும்பிக் கேட்பது. பாடப் போனால் மலையேற்றம். ஒரு மலைக் கணவாயைக் கடந்து செல்வது என்று அதற்குப் பொருள் என்பதும் பொருத்தமே!

ஐந்தாம் விதி நினைவு. பதினைந்து வயதில் கேட்ட பாட்டு ஐம்பதிலும் மறப்பதில்லை. 2024இல் ஐம்பதை எட்டியவர்கள் 1974இல் பிறந்தவர்கள்; அவர்களுடைய பதினைந்தாம் வயது 1989. ஆகவே தேடவேண்டியது எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் வந்த பாட்டுகளை.

இந்த ஐந்து விதிகளையும் வைத்துக்கொண்டு, நானும் அக்காவும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பாட்டுகளைக் கேட்டோம். தேறியவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன்.

'உவே ஓ முயிதே அருகோ': கியூ சகமோதோ 1961இல் பாடியது. கண்ணீர் சிந்தாமலிருக்க மேலே பார்த்து நடப்போம் என்பது கருத்து. 1963இல் அமெரிக்காவிலேயே முதலிடம் பிடித்த ஜப்பானியப் பாட்டு இது. நடை வேகம், நடுவில் சீழ்க்கை வேறு வருகிறது. பாட வெட்கப்படுகிறவர் சீழ்க்கையாவது அடிக்கலாம். இதன் தொடக்கத்தைக் கேட்டபோது எனக்கு நம் மோகனம் நினைவுக்கு வந்தது. அது தற்செயலன்று. நான்காம் சுரமும் ஏழாம் சுரமும் இல்லாத ஓர் ஐந்து சுர அளவை ஜப்பானியர் 'யொனானுகி' என்பர். மத்தியமமும் நிஷாதமும் இல்லாத நம் மோகனமும் அதே ஐந்து சுரங்கள்தாம்.

'அகாய் ஸ்வீட்பீ': செய்கோ மத்சுதா 1982இல் பாடியது. ஐம்பதைக் கடந்த ஜப்பானியப் பெண்கள் பலருக்கு இது பள்ளிப் பருவத்தின் மணம். அசல் சுருதி இளம்பெண்ணின் குரலுக்கானது. ஆகவே கட்டையைக் குறைப்பது நல்லது.

'செகாய் நி ஹிதொத்சு தகே நோ ஹனா': 'ஸ்மாப்' என்ற ஆடவர் குழு 2003இல் தனித்தட்டாக வெளியிட்டது. உலகில் ஒவ்வொருவரும் ஒப்பற்ற ஒரு மலர் என்று பொருள். குழுவாக எல்லாரும் சேர்ந்து பாடலாம். ஒருவர் குரல் தடுமாறினாலும் மற்றவர் குரல் தாங்கிக்கொள்ளும்.

'இதோ': மியுகி நகஜிமா 1992இல் வெளியிட்டது. இதோ என்றால் நூல். பாவு நூல் நீ, ஊடை நூல் நான் என்ற கருத்து இதன் நடுவே ஓடுகிறது. அக்கா இதன் பொருளைச் சொன்னபோது எங்கள் வீட்டுத் தறியின் ஓசை எனக்குக் கேட்டது. பாவையும் ஊடையையும் எனக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. தொடக்கம் தாழ்ந்த குரலில் பேசுவது போல் அமைந்திருக்கிறது. பல்லவி ஏறும் இடத்துக்காக மட்டும் இரண்டு படி இறக்கச் சொன்னேன்.

பட்டியல் ஆயிற்று. ஆனால் ஒருவருக்கு மட்டும் பாட்டு அமையவில்லை. அவர் ஐம்பத்தேழு வயது அம்மையார். அக்கா அங்கே போன புதிதில், படுக்கையில் கிடக்கும் முதியவரைத் தன் முதுகு நோகாமல் திருப்பிப் படுக்க வைக்கும் முறையைக் கைப்பிடித்துக் கற்றுக்கொடுத்தவர். பாட்டென்றால் மட்டும் அவர் "நான் ஒன்ச்சி" என்று சொல்லி ஒதுங்கிவிடுவார். சுருதி சேராத காது உடையவர் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். பள்ளிப் பருவத்தில் யாரோ அவருக்குச் சூட்டிய பெயராம் அது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதைச் சுமந்துகொண்டிருக்கிறார்.

சுரங்களை உண்மையிலேயே பிரித்தறிய இயலாத குறைபாடு மனிதரில் மிகச் சிலருக்கே உண்டு. ஒன்ச்சி என்று தம்மைச் சொல்லிக்கொள்கிறவர்களில் பலர் அப்படிப்பட்டவர் அல்லர். அந்த அம்மையார் எங்கேயாவது, எப்போதாவது பாடுகிறாரா என்று அக்காவிடம் கேட்டேன். அக்கா சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: "காலையில பாட்டிங்களோட சேந்து 'ஃபுருசாதோ' பாடுவாங்களே!"

'ஃபுருசாதோ' என்றால் பிறந்த ஊர். 1914ஆம் ஆண்டுப் பள்ளிப் பாடநூலில் வெளிவந்த பாட்டு அது. முயலைத் துரத்திய மலையையும் மீன் பிடித்த ஆற்றையும் நினைத்து ஏங்குவது. மறதி நோயால் பிள்ளைகளின் பெயரையே மறந்துவிட்ட முதியவர்களும் அந்தப் பாட்டை மறப்பதில்லை என்கிறாள் அக்கா. அந்த அம்மையார் சக்கர நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டே அதைப் பாடுவார். வாத்தியமும் ஒலிபெருக்கியும் இல்லாததால் தமக்கு இயைந்த சுருதியில் தாமே தொடங்குவார். சுரம் பிசகுவதே இல்லை.

அவருடைய அனுமதியோடு, சுருதி பார்க்கும் செயலியை அக்கா கைப்பேசியில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலை அளந்து அனுப்பினாள். ஏறத்தாழ 165 ஹெர்ட்ஸிலிருந்து 400 ஹெர்ட்ஸ் வரை அவர் குரல் தடையின்றிச் சென்றது. ஒரு ஸ்தாயிக்கும் மேல்! எல்லை குறுகியதன்று, அது அமைந்திருக்கும் இடம்தான் தாழ்வு. அப்படிப்பட்ட குரலைப் பள்ளிப் பாட்டு வகுப்பின் உயர்ந்த சுருதியோடு கட்டாயமாகச் சேர்த்தால் அது எப்படிச் சேரும்?

தாழ்ந்த குரல் என்றவுடன் மொமோயே யமகுச்சியின் பாட்டுகளைத் தேடினோம். இருபத்தொன்றாம் வயதில், 1980இல், புகழின் உச்சியில் மேடையை விட்டு விலகியவர் அவர். அவருடைய 'ஈ ஹி தபிதாச்சி' 1978இல் வந்தது. நல்ல நாளில் புறப்படுதல் என்று பொருள். ஜப்பான் தேசிய ரயில்வேயின் விளம்பரத்துக்காக ஷின்ஜி தனிமுரா எழுதி இசையமைத்தது. தாழ்ந்த குரல், நடுத்தர வேகம், எண்ணி வைத்தது போன்ற எழுத்துகள். அது வெளிவந்தபோது அந்த அம்மையாருக்குப் பதினொரு வயது, கட்டாயம் கேட்டிருப்பார். உச்சி மட்டும் அவருடைய எல்லைக்குச் சற்று மேலே இருந்தது. மூன்று படி இறக்கும்படி எழுதி அனுப்பினேன்.

அக்காவுக்கு வேறு இரண்டு குறிப்புகளும் கொடுத்தேன். ஒன்று, மதிப்பெண் போடும் வசதியை அணைத்துவிடு. பாடுவோரின் சுரத்தைக் கோடுகளாகத் திரையில் காட்டி மதிப்பெண் வழங்கும் ஏற்பாடு அக்கருவிகளில் உண்டு. பழகாதவரை அது பள்ளிக்கூடத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். மற்றது, வழிகாட்டும் மெட்டின் ஒலியைச் சற்றுக் கூட்டிவை.

விருந்தன்று இரவு அந்த அம்மையார் வழக்கம்போல் மூலையில் அமர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாராம். அக்கா அவரை மேடைக்கு இழுக்கவில்லை. பாட்டை இட்டு, சுருதியை மூன்று படி இறக்கி, ஒலிவாங்கி ஒன்றை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, மற்றொன்றைக் கையில் எடுத்துத் தானே பாடத் தொடங்கியிருக்கிறாள். தமிழ் எழுத்தில் எழுதிப் பழகிய ஜப்பானியத்தில்! முதல் அடிகள் முடியுமுன்னே பக்கத்திலிருந்து ஒரு தாழ்ந்த குரல் சேர்ந்துகொண்டது. பல்லவி வந்தபோது அக்கா மெல்லத் தன் குரலைக் குறைத்துக்கொண்டாள். அந்த அம்மையார் உட்கார்ந்தபடியே, திரையைப் பார்க்காமல், இறுதிவரை பாடினார்.

யாரும் அழவில்லை, யாரும் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடவும் இல்லை. அடுத்த பாட்டு வந்துவிட்டது. சற்றுக் கழித்து அவர் அக்காவிடம் வந்து, "எத்தனை இறக்கினாய்?" என்று கேட்டார். மூன்று என்றதும், மேலங்கிப் பையிலிருந்த சிறு குறிப்பேட்டை எடுத்தார். முதியவர்களின் காய்ச்சலையும் இரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளும் குறிப்பேடு அது. அதில் பாட்டின் பெயரை எழுதி, எதிரே மூன்று என்று குறித்துக்கொண்டார்.

இதைக் கேட்ட இரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. அதிர்வெண், ஸ்தாயி, விகிதம் என்றெல்லாம் நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். எங்கோ கடலுக்கு அப்பால் ஒரு பெண்மணியின் மேல் நாற்பது ஆண்டுகளாக ஒட்டியிருந்த ஒரு சொல்லை அந்தக் கணக்கு கழற்றிவிட்டது. அக்காவின் பணத்தில் படிக்கும் நான், அந்தப் படிப்பிலிருந்து அவளுக்கு ஒரு சிறு தவணையைத் திருப்பிச் செலுத்தியதாக எண்ணி மகிழ்ந்தேன்.

ஆனால் மகிழ்ச்சியோடு ஒரு வினாவும் எழுந்தது. என்னைப் போல வீட்டின் முதல் பட்டதாரியாக வந்தவர்கள் நம் வகுப்புகளில் பலர் இருக்கிறோம். ஆங்கிலம் வராது, கணக்கு வராது, மேடையில் பேச வராது என்று நம்மில் எத்தனை பேர் யாரோ சூட்டிய ஒரு பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறோம்! உண்மையிலேயே வராதா, அல்லது தொடங்கிய சுருதி நமக்கு உரியதாக இல்லையா? பாடத்தை எளிதாக்குவது என்பது அதன் தரத்தைக் குறைப்பது ஆகாது. மூன்று படி இறக்கிப் பாடினாலும் 'ஈ ஹி தபிதாச்சி' அதே பாட்டுதான். சுரங்களுக்கு இடையேயுள்ள விகிதம் சிறிதும் மாறுவதில்லை என்பது இயற்பியல் கூறும் உண்மை.

ஆகவே தோழர்களே, தோழியரே, நம் கல்லூரி விழாவிலோ வகுப்பிலோ, வாய் திறவாமல் மூலையில் அமர்ந்து கைதட்டிக்கொண்டிருப்பவரைக் கண்டால் 'பாடு, பாடு' என்று ஒலிபெருக்கியை அவர் முகத்தில் நீட்டாதீர்கள். அருகே போய் அமர்ந்து, 'உங்களுக்கு எத்தனை கட்டை?' என்று கேளுங்கள். அந்தக் கட்டையில் முதல் இரண்டு அடிகளை நீங்களே தொடங்குங்கள்.